சிறையிருந்தோர் ஏற்றம்: றவென்ஸ்புறூக் பெண்கள் முகாமின் எழுத்துக்கள் குறித்துச் சில விமர்சனக் குறிப்புகள்

சிறையிருந்த பெண்ணின் ஏற்றத்தைப் பேசுவது தமிழ்ச் சிந்தனைக்குப் புதியதன்று. இராமாயணம் முழுவதையுமே சிறையிருந்தவளின் ஏற்றத்தைச் சொல்ல எழுந்த நூலாகக் கொள்ளும் நோக்கு, பிள்ளை உலகாசிரியர் முதலாக வைணவ மரபில் நிலைபெற்றுள்ளது. தேவமாதரின் சிறையை விடுவிக்கும் பொருட்டுச் சீதை தானே சிறையை ஏற்றாள் என அம்மரபின் உரைகாரர் விளக்குவர். அதாவது, அவளது ஏற்றம் பிற பெண்களோடு அவள் கொண்ட உறவில் வைத்தே உணரப்பட்டது. பிற்காலத்தில் மேடையிலும் பாடநூலிலும் இவ்வுறவு கழன்றுபோக, தனியொருத்தியின் கற்புத் திண்மை மட்டுமே எஞ்சிற்று. இருபதாம் நூற்றாண்டின் போர்க்கால முகாம்களில் அடைபட்ட பெண்கள் எழுதியவற்றை வாசிக்கும்போதும் இதையொத்த ஒரு கழற்றல் நிகழ்ந்துவிடுவதாலேயே இதனை இங்கு நினைவூட்டுகின்றோம். உறவுகள் மறைகின்றன, ‘வெல்லப்படாத ஆன்மா’ ஒன்று மிஞ்சுகின்றது. மேற்கு நாடுகளின் பதிப்பகங்கள் இந்த ஆன்மாவை நல்ல விலைக்கு விற்றும் வந்துள்ளன.

இந்தக் கருத்துமுதல்வாத வாசிப்பை மறுப்பது முற்போக்கு விமர்சகருக்கு எளிது. கடினமானது வேறொன்று. எமது அணியினரும் தமக்கெனவொரு வாசிப்பை வைத்திருந்தனர். அதில் ஆன்மாவின் இடத்தைக் கட்சி உறுப்பினரின் உறுதி பிடித்துக்கொண்டது. மற்றைய பெண்கள் பின்னணிக் கூட்டமாயினர். இவ்விரு வாசிப்புகளையும் றவென்ஸ்புறூக் முகாமிலிருந்து கிடைக்கும் எழுத்துக்களின் முன் நிறுத்திப் பார்ப்பதே எமது நோக்கம். பெண்களின் வலிமையை எவரும் மறுக்கப்போவதில்லை. அவ்வலிமை எவற்றிலிருந்து ஆக்கப்பட்டது, யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பனவே ஆராய்ச்சிக்குரியன.

*

பேர்லினுக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தொலைவில், பியூர்ஸ்டென்பேர்க் என்னும் சிறுநகரையடுத்த ஏரிக்கரையில், 1939 மே மாதத்தில் இம்முகாம் திறக்கப்பட்டது. பெண்களுக்கெனவே ஜேர்மன் எல்லைக்குள் அமைக்கப்பட்ட மிகப் பெரிய முகாம் இதுவே. 1945 ஏப்பிரல் 30 இல் செஞ்சேனை வந்து சேரும்வரை ஏறத்தாழ 120,000 பெண்களும் குழந்தைகளும் இதன் பதிவேட்டில் இடம்பெற்றனர். முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்தோர் அவர்கள். சட்டையிற் தைத்த முக்கோணத்தின் நிறம் ஒவ்வொருத்தியும் யார் என்பதை அறிவித்தது: அரசியற் கைதிகளுக்குச் சிவப்பு, ‘சமூகவிரோதிகள்’ எனப்பட்டோருக்குக் கறுப்பு, குற்றத் தண்டனை பெற்றோருக்குப் பச்சை, யெகோவாவின் சாட்சிகளுக்கு ஊதா. இந்த நிறப்பகுப்பு முகாமோடு முடிந்துவிடவில்லை. போருக்குப் பின்னர் யார் எழுதினார்கள், யாருடைய எழுத்து அச்சேறியது, யாருக்குச் சிலை எழுந்தது என்பனவும் பெரும்பாலும் இந்நிறங்களின் வழியே தீர்மானமாயின.

முகாமின் பொருளியல் அடித்தளத்தை அங்கு வைத்தே ஆராய்ந்தவர் ஜேர்மேன் தியோன். இவர் மார்க்சியரல்லர், நாட்டுப்பற்று மிக்க பிரெஞ்சு மத்தியதர வகுப்பிற் தோன்றிய மானிடவியலாளர். 1934 முதல் 1940 வரை அல்ஜீரியாவின் ஓரேஸ் மலைப்பகுதி மக்களிடையே கள ஆய்வு செய்தவர். பரிஸ் மானிட அருங்காட்சியகத்தை மையமாகக் கொண்ட எதிர்ப்பியக்க வலையமைப்பிற் செயற்பட்டு 1942 ஓகஸ்ட்டிற் கைதாகி, 1943 ஒக்டோபரில் றவென்ஸ்புறூக்குக்கு அனுப்பப்பட்டார். முகாமுக்கு வந்த சில மாதங்களில், 1944 இல், சக கைதிகளுக்கு அவர் ஒரு விரிவுரை ஆற்றினார். அதன் பொருள் கடவுளுமன்று, பிரான்சுமன்று. எஸ்.எஸ். அமைப்பு பெண்களைத் தொழிற்சாலைகளுக்கு நாட்கூலிக்கு விட்டு எவ்வாறு இலாபம் பெறுகின்றது, உணவுச் செலவைக் குறைப்பதால் அவ்விலாபம் எவ்வாறு பெருகுகின்றது, ஓர் உழைப்பாளி மாண்டதும் இன்னொருத்தியைச் செலவின்றிப் பெற முடிவதால் அவளை உயிரோடு வைத்திருப்பதில் முதலாளிக்கு ஏன் அக்கறை இல்லாதுபோகின்றது என்பனவற்றையே கணக்கிட்டுக் காட்டினார். சீமன்ஸ் நிறுவனம் 1942 முதல் முகாமின் அருகிலேயே மின்கருவிப் பட்டறைகளை நடத்தியமையும், எஸ்.எஸ். அமைப்புக்கே சொந்தமான தையற் தொழிற்சாலைகள் முகாமுக்குள் சீருடைகளை உற்பத்தி செய்தமையும் யாவரும் அறிந்தவையே. தியோனின் சிறப்பு, இவற்றை இழுத்து நகர்த்தும் உடல்களுக்குள் ஒன்றாக இருந்துகொண்டே அவற்றின் இயக்கத்தை விளக்கியமையிலுள்ளது. தம்மை அரைக்கும் பொறி எவ்வாறு சுழல்கின்றது என அறிந்துகொள்வதே தம்மைத் தாங்கிய பலம் என்று பின்னாளில் அவர் கருதினார். அறிவை ஆறுதலாகக் கொள்ளும் இந்நிலைப்பாடு, மதம் தரும் ஆறுதலிலிருந்து குணத்தால் வேறானது. கேட்டிருந்த பெண்களுக்கு அது சூப்பையோ பாணையோ கொடுக்கவில்லை. ஆயினும், நிகழ்வது விதியன்று, வியாபாரம் என்ற தெளிவைக் கொடுத்தது.

இதே தியோன் 1944 ஒக்டோபரில் ஓர் இசை நாடகம் எழுதினார். பெயர், ‘நரகத்தில் ஒரு வெர்பியூக்பார்’. ஒபன்பாக்கின் புகழ்பெற்ற ஒபெரெற்றா ஒன்றின் தலைப்பைக் கேலியாகத் திருப்பிய பெயர் அது. வெர்பியூக்பார் என்பது முகாம் நிருவாகத்தின் சொல். நிரந்தர வேலைக் குழு எதிலும் சேர்க்கப்படாமல், எந்த நேரமும் எந்த வேலைக்கும் பிடித்துச் செல்லத்தக்கவளை அச்சொல் குறித்தது. ஜேர்மன் யுத்தத்துக்கு உதவும் பட்டறை வேலையில் அகப்படாமற் தப்புவதற்காக வேண்டுமென்றே அந்நிலையில் நின்றவர்களுள் தியோனும் ஒருவர். வேலையைவிட்டு ஒளிந்திருக்கையில், கொள்ளையிட்ட பொருட்கள் வந்திறங்கிய இடத்திற் பெட்டியொன்றினுள் தோழியர் மறைத்து வைத்திருக்க, அங்கிருந்தபடியே அவர் இந்நாடகத்தை எழுதினார்.

நாடகத்தின் அமைப்பு ஊன்றிக் கவனிக்கத்தக்கது. இயற்கை விஞ்ஞானி ஒருவர் மேடைக்கு வந்து, புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட வெர்பியூக்பார் என்னும் உயிரினத்தைப் பற்றிப் புலமையோடு விரிவுரை நிகழ்த்துகின்றார். அவ்வுயிரினத்தின் உணவு, வாழிடம், ஆயுட்காலம் யாவும் வகைப்படுத்தப்படுகின்றன. அவ்வப்போது அந்த உயிரினங்களே கூட்டமாகக் குறுக்கிட்டு, அவரைத் திருத்தி, பாடி, ஆடி, முறையிட்டுச் செல்கின்றன. பாட்டுக்களின் மெட்டுக்கள் அக்காலப் பிரெஞ்சுச் சினிமா, விளம்பரம், ஒபெரா முதலியவற்றிலிருந்து எடுத்தவை. சொற்கள் மட்டும் முகாமுக்குரியவை. வசந்தத்திற் தொடங்கும் அங்கங்கள் கோடையைக் கடந்து மாரியில் முடியும்போது சிரிப்பும் படிப்படியாக இருள்கின்றது. ஆபிரிக்க மக்களை ஆராயச் சென்ற ஐரோப்பிய மானிடவியலின் குரல் இங்கே ஐரோப்பியப் பெண்கள் மீதே திரும்புகின்றது. தன் துறையின் மொழியில் ஒளிந்திருக்கும் அதிகாரத்தை மானிடவியலாளர் ஒருவர் இவ்வளவு கூர்மையாகப் பகடி செய்தது அரிது. ‘துன்பத்தினிடையே சிரித்த பெண்கள்’ என்று இந்நாடகத்தைப் பாராட்டி முடிப்போர் அது எதைப் பார்த்துச் சிரிக்கின்றது என்பதைக் காணத் தவறிவிடுகின்றனர். மெலிந்த கால்களையும் வீங்கிய வயிறுகளையும் பார்த்து அது சிரிக்கின்றது. முகாமில் நல்ல கதியை எதிர்பார்த்த தம் பேதைமையைப் பார்த்துச் சிரிக்கின்றது. மரபான துன்பியலின் உயர்நடையில் இச்செய்தியைச் சொல்லியிருந்தால் கேட்டவர்கள் அழுதிருப்பர். அழுகை அங்கு உடலின் இருப்பைக் கரைக்கும் செலவு. நகைச்சுவை என்னும் இலக்கிய வடிவம் ஒரு சமூகத் தேவையின் விளைவாக எழுந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடுவது கடினம்.

கையெழுத்துப் பிரதியைத் தோழியொருவர் வெளியே கொண்டுவந்தார். ஆயினும் தியோன் நெடுங்காலம் அதை வெளியிடவில்லை. நூலாக வந்தது 2005 இல். பரிசின் ஷாத்தலே அரங்கில் மேடையேறியது 2007 இல், ஆசிரியருக்கு நூறு வயதானபோது. மறு ஆண்டே அவர் காலமானார். அவருடைய தாயார் எமிலி தியோன் அதே முகாமில் 1945 மார்ச்சில் நச்சுவாயு அறையிற் கொல்லப்பட்டவர் என்பதை நாடகத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் அறிந்திருந்தார்களா என்பது வேறு விடயம்.

*

எழுத்து என்பதைச் சற்று விரித்து நோக்கினால் முகாமின் மிகப் பரவலான இலக்கிய வகை சமையற் குறிப்பே. பட்டினி கிடந்த பெண்கள் இரவிற் படுக்கைத் தட்டுக்களில் நெருக்கியடித்துக்கொண்டு, வெண்ணெயும் முட்டையும் தாராளமாகச் சேர்த்து, வாயாற் சமைத்தார்கள். சிலர் திருடிய தாள்களில் அவற்றை எழுதியும் வைத்தனர். ஆண்களின் முகாம் நினைவுகளிற் குறைவாகக் காணப்படும் இவ்வழக்கத்தைப் பெண்மையின் இயல்பு என்று விளக்குவோர் உளர். இது பொருந்தாது. வீட்டு வேலைப் பிரிவினையால் நூற்றாண்டுகளாகப் பெண்களிடம் ஒப்படைக்கப்பட்ட அறிவு, வேறெதுவும் கைவசமில்லாத இடத்தில், பரிமாற்றத்துக்குரிய பொதுச் சொத்தாக மாறிற்று என்பதே சரியாகும். போலந்துப் பெண்ணும் பிரெஞ்சுப் பெண்ணும் அரைகுறை ஜேர்மனிற் பேசிக்கொள்ள அதுவே பொருளாயிற்று. தியோன் இவ்வகையையும் விட்டுவைக்கவில்லை. எஸ்.எஸ். அதிகாரிகளின் பெயர்களைச் சமையற் குறிப்புகளுக்குள் மறைமொழியாக எழுதி அவற்றை வெளியே கொண்டுவந்தார். பெண்ணின் அடுக்களைக் குறிப்பை எந்தக் காவலரும் ஊன்றிப் படிக்கமாட்டார் என்ற கணிப்பு அதிலிருந்தது. ஆணாதிக்கத்தின் அலட்சியமே இங்கு ஆயுதமாகப் பயன்பட்டது.

முகாமில் எழுத்து என்ன செய்ய வல்லது என்பதற்குப் போலந்துப் பெண்களின் கடிதங்கள் இன்னொரு சான்று. 1942 முதல் 74 போலந்துப் பெண்களின் கால்களைக் கீறி, கிருமிகளைப் புகுத்தி, மருத்துவப் பரிசோதனை என்ற பெயரிற் சித்திரவதை செய்தனர். முகாம் அவர்களை ‘முயல்கள்’ என்று அழைத்தது. அவர்களுட் சிலர் தணிக்கைக்குட்பட்ட கடிதங்களின் இடைவெளியில் சிறுநீரால் எழுதி, வீட்டார் சூடுகாட்டி வாசிக்கும் வண்ணம், தமக்கு நிகழ்ந்ததை நாட்டுக்கு அறிவித்தனர். கட்டளை அலுவலரிடம் எழுத்து மூலம் முறைப்பாடும் செய்தனர். 1945 பெப்ரவரியில் அவர்களைச் சுட்டுக் கொல்லக் கட்டளை வந்தபோது பல நாட்டுக் கைதிகளும் ஒன்றிணைந்து அவர்களை ஒளித்தார்கள். இறந்தோரின் இலக்கங்களைக் கொடுத்தார்கள். ஆளெண்ணும் வேளையில் சோவியத் பெண்கள் விளக்கை அணைத்தார்கள். 74 பேரில் 63 பேர் உயிர் தப்பினர். தேசிய வெறுப்புகள் நிறைந்த அம்முகாமில் போலந்துப் பெண்களுக்காகச் சோவியத் பெண்கள் இதைச் செய்தனர் என்பது சாதாரணமானதன்று.

*

ஷார்லொத் டெல்போவிடம் வருகையில் எமது வாதம் சிக்கலடைகின்றது. நாடக நெறியாளர் லூயி ஜூவேயின் செயலாளராகப் பணியாற்றிய இவர், 1941 இல் குழுவினரோடு தென்னமெரிக்காவில் பாதுகாப்பாக இருந்தவர். கம்யூனிஸ்டான தம் கணவரோடு எதிர்ப்பியக்கத்திற் பணியாற்றுவதற்காகவே நாடு திரும்பினார். 1942 மார்ச்சில் இருவரும் கைதாகினர். மே மாதத்தில் கணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1943 ஜனவரி 24 இல் 230 பெண்களை ஏற்றிக்கொண்டு பிரான்சிலிருந்து அவுஷ்விற்ஸ் சென்ற புகைவண்டியில் டெல்போவும் இருந்தார். பிரெஞ்சு நாட்டுப் பண்ணைப் பாடிக்கொண்டு அவர்கள் முகாம் வாயிலினுட் சென்றனர். திரும்பியவர்கள் 49 பேர்.

‘எம்முள் எவரும் திரும்பப்போவதில்லை’ என்ற நூலை டெல்போ 1946 இல் எழுதினார். வெளியிட்டதோ 1965 இல். அதே ஆண்டில் வெளிவந்த ‘ஜனவரி 24 இன் தொடர்வண்டி’ என்ற நூலே எம் ஆய்வுக்கு முதன்மையானது. விமர்சகர் பலர் முன்னதன் கவித்துவத்தில் மயங்கிப் பின்னதை வெறும் அட்டவணை என்று ஒதுக்குவது தவறு. 230 பெண்கள் ஒவ்வொருவருக்கும் அந்நூல் ஒரு வாழ்க்கைக் குறிப்பைத் தருகின்றது: எங்கு பிறந்தாள், தந்தை என்ன தொழில், எப்போது பள்ளியைவிட்டாள், தையற்காரியா ஆசிரியையா பல்வைத்தியரா, எவ்வாறு பிடிபட்டாள், எந்நோயால் எப்போது மாண்டாள். ஏறத்தாழ அரைப்பங்கினர் கம்யூனிஸ்டுகள். எதிர்ப்பியக்கத்தோடு தொடர்பேயில்லாத சிலரும் அவ்வண்டியில் இருந்தனர்; அவர்களையும் டெல்போ விட்டுவிடவில்லை. வீரம் என்ற ஒற்றைச் சொல்லின்கீழ்ப் புதைந்துபோகக்கூடிய பெண்களை வர்க்கத்தோடும் ஊரோடும் தொழிலோடும் மீட்டெடுத்த இச்செயல் இலக்கியச் சமூகவியலின் மிகச் சிறந்த பணிகளுள் ஒன்று என்பது எமது மதிப்பீடு.

49 பேர் எஞ்சியமைக்குக் காரணம் என்ன? ஒரே மொழி பேசுவோராய், ஒன்றாகவே வந்தோராய், அரசியல் நட்பால் முன்னரே பிணைந்தோராய் இருந்தமை ஒன்று. 1943 நடுப்பகுதியில் ஒரு பகுதியினர் றைஸ்கோ என்ற இடத்திலிருந்த தாவர ஆய்வு நிலையத்துக்கு மாற்றப்பட்டதும், எஞ்சியோர் நோய்த்தடுப்புத் தனிமைக் கூடத்துக்கு அனுப்பப்பட்டதும் இன்னொன்று. அதற்குள் பெரும்பாலோர் மாண்டுபோயினர். மாண்டவர்கள் மனத்திடம் குறைந்தவர்களா? பெண்களின் கம்யூனிஸ்ட் அமைப்பாளராகப் புகழ்பெற்றிருந்த டானியெல் கசனோவா அத்தொடர்வண்டியில் வந்தவரே. பல்வைத்தியராகையால் நல்ல வேலையும் ஓரளவு நல்ல உணவும் பெற்றிருந்தும் 1943 மே மாதத்திற் தைபசுக் காய்ச்சலால் மாண்டார். உறுதியுள்ளோர் பிழைத்தனர் எனும் வாசகம் இங்கே பொய்த்துவிடுகின்றது.

றைஸ்கோவில் அப்பெண்கள் மொலியேரின் ‘கற்பனை நோயாளி’யை நினைவிலிருந்தே மீட்டெழுதி நடித்தார்கள். பின்னர் றவென்ஸ்புறூக்கில் டெல்போ ஒரு நேரப் பாணைக் கொடுத்து, மொலியேரின் ‘மனித வெறுப்பாளன்’ நாடகத்தின் சிறு பிரதியை வாங்கி, முழுவதையும் மனனஞ் செய்தார். ஆளெண்ணுதலுக்காக மணிக்கணக்காய் நின்ற வேளைகளில் மனத்துள் அதை ஒப்புவித்தார். கலை உயிரைக் காத்தது என்று கூறுவோர்க்கு இதைவிட உவப்பான நிகழ்ச்சி கிடைக்காது. ஆனால் இதனை விவரிக்கும் நூலுக்கு டெல்போ இட்ட பெயர் ‘பயனற்ற அறிவு’ என்பதாகும். முகாம் தந்த அறிவு வாழ்க்கைக்கு உதவாதது, அதை அறியாதிருப்பதே நல்லது என்பது அந்நூலின் அடிநாதம். துன்பம் மனிதரைப் புடமிடுகின்றது என்ற பழைய கோட்பாட்டை அதனால் மிக அதிகம் புடமிடப்பட்டவரே மறுதலிக்கின்றார். இதில் நாம் டெல்போவோடு முழுமையாக உடன்படுவதற்கில்லை. அல்ஜீரிய விடுதலைப் போரின்போது பிரெஞ்சு அரசின் கொடுமைகளை எதிர்த்த கடிதங்களைத் தொகுத்து 1961 இல் அவர் நூலாக்கினார்; தியோனும் 1957 இல் அல்ஜீரியச் சிறைகளை நேரிற் சென்று விசாரித்தார். தம் நாட்டின் சீருடை அணிந்தவர்களிடம் அதே கொடுமையை அடையாளம் காண அவர்களுக்கு உதவியது அந்தப் ‘பயனற்ற’ அறிவுதானே.

*

இனி, எமது அணியினர் பேசத் தயங்கிய பகுதிக்கு வருவோம். மார்கரெட்டே பூபர்-நொய்மன் ஜேர்மன் கம்யூனிஸ்ட். அவருடைய துணைவர் ஹைன்ஸ் நொய்மன் கட்சித் தலைவர்களுள் ஒருவர். மொஸ்கோவில் அடைக்கலம் புகுந்திருந்தபோது 1937 இல் கைதாகிச் சுட்டுக்கொல்லப்பட்டார். மார்கரெட்டே கசகஸ்தானின் கரகண்டா முகாமுக்கு அனுப்பப்பட்டார். 1940 இல் சோவியத் அதிகாரிகள் அவரைப் பிறெஸ்ற்-லிற்றோவ்ஸ்க் எல்லைப் பாலத்தில் வைத்து ஜேர்மனியரிடம் ஒப்படைத்தனர். அடுத்த ஐந்து ஆண்டுகள் றவென்ஸ்புறூக். கரகண்டாவைப் பற்றிப் பேசியதற்காக, முகாமிலிருந்த கம்யூனிஸ்ட் பெண்கள் அவரைத் துரோகியென ஒதுக்கினர். அவருடைய நெருங்கிய தோழியாயிருந்தவர் செக் நாட்டுப் பத்திரிகையாளர் மிலேனா யெசென்ஸ்கா. கவ்காவின் காதலியாகவே உலகம் அறிந்துள்ள இவர், கட்சியிலிருந்து விலகியவர்; அவரும் அதே ஒதுக்கலுக்கு ஆளானார். இருவகை முகாம்களையும் பற்றி இருவரும் சேர்ந்து ஒரு நூல் எழுதத் திட்டமிட்டிருந்தனர். மிலேனா 1944 மே மாதத்தில் இறந்தார். மற்றவர் தனித்து எழுதிய நூல் 1949 இல் ஜேர்மன் மொழியில் வெளிவந்தது.

அந்நூலைப் பனிப்போரின் கருவியென ஒதுக்குவது எமது முன்னோருக்கு இயல்பாயிருந்தது. அது அவ்வாறு பயன்படுத்தப்பட்டதும் உண்மையே. ஆனால் ஒரு சாட்சியத்தை யார் பயன்படுத்தினார்கள் என்பது, அது மெய்யா என்ற வினாவுக்கு விடையாகாது. சோவியத் முகாம்களைப் பற்றிய ரூசே வழக்கு 1950-51 இல் பரிஸ் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டபோது றவென்ஸ்புறூக்கிலிருந்து மீண்ட இரு பெண்கள் எதிரெதிரே நின்றனர். ஒருவர் பூபர்-நொய்மன். மற்றவர், டெல்போவோடு அதே தொடர்வண்டியிற் சென்றவரும், 1946 ஜனவரியில் நூரம்பேர்க்கில் நாற்சித் தலைவர்களின் முன் அஞ்சாது சாட்சியம் அளித்தவருமான மாரி-குளோட் வையோன்-கூத்தூரியே. பின்னவரின் துணிவில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் பரிசில் அவர் சோவியத் சிறைமுறையைப் போற்றிப் பேசினார். வரலாறு அவரைப் பொய்ப்பித்தது. நூரம்பேர்க்கில் உண்மையை நிலைநாட்டிய அதே உறுதி பரிசில் உண்மையை மறைத்தது. உறுதியைத் தன்னளவிலேயே ஒரு நற்பண்பாகக் கொள்வோர் இதை எவ்வாறு விளக்குவர்? யெகோவாவின் சாட்சிகளின் உறுதியும் இவ்வகையிற் தொல்லை தருவது. தம் நம்பிக்கையைக் கைவிடுவதாகக் கையெழுத்திட்டால் விடுதலை பெறலாம் என்றிருந்தும் அவர்களிற் பெரும்பாலோர் மறுத்தனர். போருக்கு உதவும் வேலையையும் மறுத்தனர். உலகை மாற்றும் எண்ணம் அவர்களிடம் அணுவளவும் இருக்கவில்லை.

செஞ்சேனையின் மருத்துவத் தாதியரும் பிறருமாய் ஏறத்தாழ 500 பெண்கள் 1943 இல் போர்க்கைதிகளாக இங்கு கொண்டுவரப்பட்டனர். தாம் போர்வீரர் என்பதால் எதிரிக்கு வெடிபொருள் செய்யமாட்டோம் என்று அணிவகுத்து நின்று மறுத்தனர். அவர்களுக்கு வழிகாட்டியாயிருந்தவர் ஒடெஸ்ஸாவைச் சேர்ந்த ஆசிரியை யெவ்கேனியா கிளெம். நாடு திரும்பிய பின்னர், பகைவரின் சிறையில் உயிரோடிருந்தமையே குற்றமெனக் கருதப்பட்ட சூழலில், சந்தேகத்துக்கும் ஒதுக்கலுக்கும் ஆளாகி 1953 இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நாற்சிகளால் முறிக்க முடியாத பெண் அவர். மார்க்சிய விமர்சனம் இதைக் கூறக் கூசுமாயின், சீமன்ஸ் நிறுவனத்தைப் பற்றிப் பேசும் தகுதியையும் அது இழந்துவிடும்.

*

ஜேர்மன் சனநாயகக் குடியரசு 1959 இல் ஏரிக்கரையில் நினைவிடத்தைத் திறந்தது. சோர்ந்த தோழியைக் கைகளில் ஏந்தி நீரை நோக்கி நிற்கும் பெண்ணின் சிலை, சிற்பி வில் லாமெர்ட்டின் படைப்பு. இன்றும் அங்கே நிற்கின்றது. சிலையின் கருத்து அழகானது, பொய்யுமன்று. ஆனால் ஏந்தியவர்களும் ஏந்தப்பட்டவர்களும் பெரும்பாலும் ஒரே நிறத்து முக்கோணம் அணிந்தோர் என்பதைக் கல்லோ வெண்கலமோ சொல்வதில்லை. கூடங்களுக்குப் பொறுப்பான கைதிகளின் பதவிகளைச் சிவப்பு முக்கோணத்தார் கைப்பற்றியதால் பல உயிர்கள் காக்கப்பட்டன. சாவுப் பட்டியலிலிருந்து ஒரு தோழியின் இலக்கம் நீக்கப்பட்டபோது, தொகையை நிரப்ப இன்னொரு இலக்கம் சேர்க்கப்பட வேண்டியதும் உண்டு. அந்த இன்னொருத்தி பெரும்பாலும் பொதி வந்துசேராதவள், கட்சியில்லாதவள், மொழி புரியாதவள். ஒற்றுமை என்ற வலிமைக்கு எல்லைக்கோடு இருந்தது. அக்கோட்டுக்கு வெளியே நின்றவர்களுக்கு உள்ளேயிருந்தோரின் ஒற்றுமை இன்னோர் அதிகாரமாகவே தோன்றியிருக்கும்.

கறுப்பு முக்கோணம் அணிந்த பெண்கள், வீடற்றோர், பாலியற் தொழில் செய்தோர், வேலையில் நிலைக்காதோர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள், மற்றக் கைதிகளின் நினைவுநூல்களில் அழுக்காகவும் களவாகவும் மட்டுமே வருகின்றனர். மார்க்ஸ் காலத்திலிருந்தே உதிரிப் பாட்டாளிகளைப் பற்றி எம்மிடமுள்ள ஏளனமும் இதற்குத் துணைபோயிற்று. தாம் சிறைவைக்கப்பட்டதைப் பற்றி வாய்திறக்க அவர்கள் வெட்கப்பட்டனர். ஜேர்மன் நாடாளுமன்றம் அவர்களையும் நாற்சிகளாற் பாதிக்கப்பட்டோராக ஏற்றது 2020 இற் தான். அப்போது ஏறக்குறைய எவரும் உயிரோடில்லை.

மொழிபெயர்ப்புப் பற்றியும் ஒரு சொல். தியோனின் நாடகத்தையோ டெல்போவின் நூல்களையோ தமிழிற் பெயர்க்க முற்படுவோர்க்கு, விடியுமுன் பெண்களை வரிசையில் நிறுத்தி எண்ணும் அந்தத் திடலைக் குறிக்க மலையகத்தின் ‘பெரட்டுக்களம்’ என்ற சொல் உடனே நாவுக்கு வரும். அச்சொல்லின் வெக்கை எமக்குத் தெரியும். ஆயினும் அதை அங்கே பயன்படுத்துவது நியாயமாகாது. தோட்டத்துரை உழைப்பாளி மறுநாளும் உயிரோடு வரவேண்டும் என்று கணக்கிட்டான். தியோனின் விரிவுரை காட்டிய கணக்கு அதற்கு நேர்மாறானது. வெர்பியூக்பார் என்பதற்கும் தமிழ்ச் சொல் இல்லை. அதை அவ்வாறே விட்டுவிடுவதே தகும்.

டெல்போவுக்கு மொலியேரின் நாடகத்தைப் பாணுக்கு விற்றவள் ஒரு றோமாப் பெண், ‘ஜிப்சி’ என்று அக்காலத்தில் அழைக்கப்பட்டவள். அவளுக்கு அந்தப் பிரதி எவ்வாறு கிடைத்தது, வாங்கிய பாணை யாருக்குக் கொடுத்தாள் என்பவை டெல்போவின் நூலில் இல்லை. 1945 தொடக்கத்தில் அம்முகாமின் றோமாப் பெண்களும் சிறுமியரும் கருவளத்தை அழிக்கும் மருத்துவச் சோதனைக்கு இரையாக்கப்பட்டனர். அவர்களிடையே எழுத்தறிந்தோர் சிலரே. எழுதச் சொல்லிக் கேட்டோரும் நெடுங்காலம் இல்லை. அவுஷ்விற்ஸ், றவென்ஸ்புறூக், பேர்கன்-பெல்சன் என்னும் மூன்று முகாம்களையும் சிறுமியாகக் கடந்த ஒஸ்திரியாவின் சையா ஸ்ரோய்க்கா, சந்தைகளிற் கம்பளம் விற்றுப் பிழைத்தவர். பள்ளிக்கல்வி சொற்பமே பெற்றவர். தம் சமையலறையில் இருந்து அவர் எழுதிய நினைவுநூல் 1988 இல் வெளிவந்தது. தியோன் தம் றவென்ஸ்புறூக் நூலை மூன்றாம் முறையாகத் திருத்தி எழுதி வெளியிட்டதும் அதே ஆண்டிலேயே.